மோதுமா மோதாதா, உறுதியாச் சொல்லுங்க

விண்கல் பாதை கணிக்கிறவர்கள் பிழைப்பு இப்படித்தான்: கணக்கு சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது; ஒன்றும் நடக்காவிட்டால், "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்பார்கள். "உறுதியாச் சொல்லு" என்று ஊராரிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் டாக்டர்களே, வானிலைக்காரர்களே, கல்யாணத் தரகர்களே, இது உங்களுக்காகவும்தான்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, எங்கெங்கோ உள்ள தொலைநோக்கிகள் வெளியிடும் அளவுகளை வைத்து விண்கற்களின் பாதையைக் கணக்கிடுவேன். புதிதாகக் கண்ணில் பட்ட கல்லுக்கு ஒற்றைப் பாதை கிடையாது. பார்த்தது கொஞ்சம் என்பதால் ஒரு கட்டுப் பாதைகள் கிடைக்கும்; அதில் ஒன்றிரண்டு பூமியில் வந்து முட்டும். அளவுகள் சேரச் சேரக் கட்டு மெலியும். அப்படி ஒரு கல் வந்து என்னிடம் மாட்டியது. சில வருடம் கழித்து வரும் ஒரு டிசம்பரில் மோத ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வந்தது.

தாள் கிழிக்கும் காலண்டர்

முதலில் வந்தவர் திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி. காலண்டர் சீசன். ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே இந்தக் கல்லைப் பற்றி ஒரு வரி போட்டால் ஆர்டர் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவர் யோசனை. அந்த டிசம்பர் நீங்கள் இப்போது அடிக்கும் காலண்டரில் வராதே அண்ணாச்சி என்றேன். பரவாயில்லை, இப்போதே அச்சுக்கு பிளாக் செய்து வைத்துக்கொள்கிறேன் என்றார்.

ஆயிரத்தில் ஒன்று என்று அச்சடியுங்கள், அதுதான் உண்மை என்றேன். மனிதர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "விழும்னா செவப்பு மை, விழாதுன்னா கறுப்பு மை. ஆயிரத்துல ஒண்ணுக்கு எங்ககிட்ட மை இல்ல டீச்சர்."

பஸ்ஸில் ஒரு யோசனை

அடுத்த வாரம் அந்த வாய்ப்பு நூற்றில் ஒன்றாக ஏறியது. இதில் அதிசயம் ஏதுமில்லை. கட்டு மெலிந்தும் பூமி இன்னும் அதற்குள்ளேயே இருந்தால் பங்கு ஏறத்தான் செய்யும். பூமி வெளியே தள்ளப்பட்ட அன்று ஒரேயடியாகப் பூஜ்யமாகிவிடும்.

இதைப் பக்கத்து வீட்டு மாரியம்மாளுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே விளக்கினேன். அவள் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி தீர்ப்பு சொன்னாள்: "போன வாரம் ஆயிரத்துல ஒண்ணுன்னீக, இப்ப நூறுல ஒண்ணுங்கிறீக. நீங்க பார்க்கப் பார்க்கத்தான் அது கிட்ட வருது. மொதல்ல பார்க்கிறத நிறுத்துங்க."

அட்மிஷன் நேரம்

விஷயம் பேப்பரில் வந்துவிட்டது. பெற்றோர்கள் கல்லூரிக்குப் போன் போட்டுக் குடைந்தார்கள். செயலாளர் கூப்பிட்டார். நாளை நிருபர்கள் வருகிறார்கள், "மோதவே மோதாது, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் லேபை மறந்துவிடுங்கள் என்றார்.

எனக்கு அந்த வார்த்தை ஆகாது. என் அத்தை பட்டாசு வேலைக்குப் போனவள். மருந்து கலக்கும் அறையில் வெக்கை தாங்கவில்லை என்று சொன்னபோது, போர்மேன் வாசலில் நின்றபடியே "ஒண்ணும் ஆகாது, போய் உட்காரு" என்றாராம். அன்றே அறை வெடித்தது; அத்தை பிழைத்தாள், ஆனால் வெந்த இரண்டு கைகளும் இன்றுவரை சோறு பிசைய மடங்காது. பார்க்காமல் சொல்கிற "ஒன்றும் ஆகாது"வை நான் அன்றிலிருந்து வெறுக்கிறேன். லேப் போனால் போகட்டும் என்று, நிருபர்களிடம் நூற்றில் ஒன்று என்றே சொன்னேன். இன்னும் ஏறலாம், கடைசியில் அநேகமாகப் பூஜ்யமாகும், ஆனால் இன்றைக்கு அது பூஜ்யமில்லை என்றும் சொன்னேன்.

செயலாளர் கோபப்படவில்லை. கையை மட்டும் நீட்டினார். "லேப் சாவியைக் குடுங்க மேடம். கல்லு வர்றதுக்கு முந்தி அட்மிஷன் வருது."

பூஜ்யம்

வீட்டில், சொந்த லேப்டாப்பில், சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். புது அளவுகள் வந்தன. கட்டு நூலாக மெலிந்தது; பூமி வெளியே நின்றது. நானே நிருபர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர்தான் போனையே எடுத்தார்கள். கல்லூரி ஆபீசுக்குப் போய், யாரையும் கேட்காமல், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டேன்.

செயலாளர் மலர்ந்த முகத்தோடு எதிரே வந்தார். "இதத்தான மேடம் நான் அன்னைக்கே சொல்லச் சொன்னேன்?"

போர்மேன் புகார்

நேற்று முன்தினம் மாரியம்மாளின் கம்பெனி போர்மேன் பைக்கில் வந்து இறங்கினார். வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். தீபாவளி லோடு நிற்கிறதாம். ஒரு அறையில் மருந்து வாடை சரியில்லை என்று பெண்கள் உள்ளே போக மறுத்துவிட்டார்களாம். கிளப்பிவிட்டது மாரியம்மாள், காரணம் நானாம். வாசலில் நின்று கத்தினார்.

"ஒண்ணும் ஆகாதுன்னு எம்புட்டோ சொல்லிப் பார்த்துட்டேன் டீச்சர். 'ஆயிரத்துல ஒண்ணா, நூறுல ஒண்ணா, உள்ள போயிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் நாங்க போறோம்'ங்கிறாக!"

ஆக மொத்தம், விழாத ஒரு கல்லுக்காக இந்த ஊரில் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை, அடுத்த கல்லுக்கும் வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறேன்.