அப்பாவிடம் சொல்லாத சம்பந்தம்

அறுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நெடுங்கேணிப் பக்கம் குடியேற்றக் காணியில் நாங்கள் வயல் செய்த காலம். அம்மா அப்போது இல்லை. அப்பாவுக்குக் காது மந்தமாகி இரண்டு வருடம். ஒன்றைச் சொல்ல நாலு தரம் கத்தவேண்டும். கத்திக் களைத்து, "ஒண்டுமில்லை அப்பா, விடுங்கோ" என்று சொல்லப் பழகிவிட்டேன். பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

அந்த வருடம் தங்கைக்கு வற்றாப்பளையில் ஒரு சம்பந்தம் சரிவந்தது. அப்பாவுக்குச் சொல்லவில்லை. கத்திச் சொன்னால் அக்கம்பக்கம் கேட்கும், நாள் வைத்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும், அப்பாவுக்கு முழுச் சம்மதம் என்று சொல்லியிருந்தேன்.

ஒருநாள் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவருக்கு உடுக்க ஒரு சாரம் வாங்கப் போனேன். புடவைக்கடை முஸ்லிம் முதலாளி எழுந்து வந்து, அப்பாவின் காதருகே குனிந்தார்.

"ஐயா, மகளுக்குச் சரிவந்திட்டுதாம். நல்ல சந்தோசம்."

மாப்பிள்ளை வீட்டார் மூலம் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "ஓம் முதலாளி, நல்ல இடம். யோசிச்சுத்தான் ஓமெண்டு சொன்னனான்" என்றார்.

"மாப்பிள்ளை என்ன செய்யிறார்?"

அப்பா கொஞ்சம் தடுமாறி, என்னைக் காட்டினார். "தம்பி சொல்லுவான்."

"வாத்தியார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பின்னால் இருந்த அப்பா காட்டோரத்தில், "பொடியன் எந்த ஊர்?" என்று மெல்லக் கேட்டார். சைக்கிளை நிறுத்தி இறங்கி, முதலாளி செய்ததுபோலக் காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தவே தேவையிருக்கவில்லை.

"தங்கச்சிக்கு விருப்பமோ?" என்றார்.

அதை நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவே அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். கலியாணம் நன்றாக நடந்தது. என்னை அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை.

தகப்பனை நன்றாகப் பார்க்கிறேன் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள், நானும் அதை நம்பியிருந்தேன். இன்று நான் அவருடைய வயதைத் தாண்டிவிட்டேன்; வீட்டில் ஒரு பொருட்டுமில்லாதவராக நான் ஆக்கிவைத்த அந்த மனிதர், கடையில் என் மானத்தைக் காத்ததை நினைக்கும்போது இப்போதும் என்னால் தலை நிமிர முடிவதில்லை.