தப்பில்லாத தாள்கள்

சிவகாமசுந்தரிக்குச் சிவப்பு மையின் மேல் அப்படி ஒரு பிரியம். சனிக்கிழமை காலையானால் போதும், காஜா பெராங் பகுதியில் இருந்த தன் வீட்டு மேசையில் தபால் உறைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வருஷம். அரசாங்க வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மலாய் எழுதத் தெரிய வேண்டும் என்றாகிவிட்டது. பகலெல்லாம் உழைக்கிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள்? அதனால் தொழிலாளர் சங்கத்தில் ஒரு தபால் வகுப்பு ஆரம்பித்தார்கள். பாடம் எழுதி அனுப்புவதும், வருகிற விடையைத் திருத்துவதும் பள்ளி ஆசிரியையான இவள்தான்.

மாணவர்கள் பதினொரு பேர், எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள். முதல் மாதத் தாள்களைச் சிவப்பில் குளிப்பாட்டி அனுப்பினாள். அடுத்த மாதத்திலிருந்து ஒரு தப்பு கிடையாது, நூற்றுக்கு நூறு. அட, நம் கை பட்டதும் எப்படித் தேறிவிட்டார்கள் பார் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் மற்ற ஆசிரியைகளிடம் பீற்றிக்கொண்டும் திரிந்தாள்.

அரசாங்கம் வைத்த மலாய்த் தேர்வில் பதினொரு பேரும் கோட்டைவிட்டார்கள்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினொரு பேரில் தம்பிராஜாவை நினைத்துத்தான் கவலை. தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர், பல வருஷமாகத் தற்காலிக ஆள். நவம்பரில் மறுதேர்வு. அதிலும் தவறினால் வேலையே போய்விடும்.

அவர் வீட்டுக்கே போய் விசாரித்தாள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார்.

"ஹாஜா பாய் கடையில எல்லாரும் கூடுவோம் டீச்சர். நாங்க எழுதினத அவரு திருத்திக் குடுப்பாரு. அதப் பார்த்து நல்ல தாள்ல எழுதி உங்களுக்கு அனுப்புவோம்."

"ஏன் அப்படி?"

"உங்க கைக்குப் போற தாள் தப்போட போகலாமா? மரியாதை இல்லையே." கொஞ்சம் தயங்கினார். "மொத தாள் வந்தப்ப சின்ன மக பிரிச்சுட்டா. ஒரே சிவப்பு. அப்பாவுக்கு அடிபட்டுருச்சான்னு கேட்டா."

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. இருந்தாலும் கோபம் ஹாஜாவின் மேல்தான் திரும்பியது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருந்த அவர் துணிக்கடைக்குச் சண்டை பிடிக்கவே போனாள். ஹாஜா ஜாவி நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். மலாயை அரபு எழுத்தில் எழுதும் அந்த ஜாவியில் அவளுக்கு ஒரு வரி தெரியாது. கற்க வேண்டும் என்று பத்து வருஷமாக ஆசை. டீச்சருக்கே தெரியாதா என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்த வெட்கத்திலேயே காலம் ஓட்டியவள் அவள். அப்படிப்பட்டவள் எந்த வாயால் தம்பிராஜாவைக் குறை சொல்வது?

"பாய், எனக்கு இதச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த பாடத்தோடு பதினொரு பேருக்கும் இன்னொரு தாளும் போனது. அவள் எழுதிய ஜாவி, ஹாஜா திருத்தியது, அப்படியே படியெடுத்தது. கீழே எழுதியிருந்தாள்: "இது என் தாள். இருபது சொல்லில் பதினேழு தப்பு. நீங்களும் முதலில் எழுதிய தாளையே அனுப்புங்கள். இனி பென்சிலில்தான் திருத்துவேன். மதிப்பெண் கிடையாது."

இரண்டு வாரம் ஓர் உறையும் வரவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று தவித்துப்போனாள். மூன்றாம் சனிக்கிழமை தம்பிராஜாவின் தாள் வந்தது. எண்ணெய்க் கறை, அடித்தல், திருத்தல், பதினான்கு தப்பு. முதல் மாதம் தப்பை எண்ணியதோடு சரி; அவர் எங்கே தடுக்குகிறார் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தாமல் மூன்றை மட்டும் திருத்தி, அந்த மூன்றுக்காகவே அடுத்த பாடத்தை எழுதினாள். அவர் தாளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள்.

நவம்பரில் தேர்வு முடிந்தது. இனி உறை வராது என்று மேசையை ஒழித்து வைத்தாள்.

டிசம்பரில் ஒன்று வந்தது. தம்பிராஜா, முழுக்க மலாயில். தேறிவிட்டாராம், வேலை நிரந்தரமாம். ஆறு வரிக்குள் ஐந்து தப்பு. அடியில் தமிழில் ஒரு வரி:

"யார்கிட்டயும் காட்டல டீச்சர். திருத்தி அனுப்புங்க."