அக்கா இடுப்பில் இருந்த நம்பர்

மகள் கம்ப்யூட்டர் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு அட்டவணையில் எண்ணும் பேரும் ஊரும். இன்னொன்றில் அதே எண்ணும் வேலையும். பேரை இரண்டிலும் எழுத வேண்டியதில்லை. எண்ணைப் பிடித்துப் போனால் ஆள் கிடைத்துவிடுவார். அந்த எண்தான் இரண்டையும் இணைக்கிற சாவி. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாதாம். அடுப்படியில் இருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. "நம்பரைப் பிடிச்சுப் போனா ஆளு கெடைச்சுருமாக்கும்" என்றேன்.

எண்பதுகளில் போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போனவர்களுக்கெல்லாம் நம்பர் அடித்த பித்தளை வில்லை உண்டு. தோட்ட ஆபீசில் இரண்டு நோட்டு. ஒன்றில் நம்பர், பேர், ஊர். மற்றதில் நம்பரும் அன்றைய வேலையும் மட்டும். சில நாள் வராவிட்டால் நம்பரைப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் வில்லையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொருத்தி போவாள். கங்காணிக்கும் தெரியும். நம்பர் வந்துவிட்டால் அவருக்குப் போதும்.

அப்படித்தான் பக்கத்து வீட்டு மதினிக்காக என் அக்கா போனாள். அவளுக்கென்று சொந்த நம்பர் கிடையாது. அன்றைக்குப் போடிமெட்டு வளைவில் ஜீப் உருண்டது.

ஆபீசில் வில்லையைப் பார்த்தார்கள், நோட்டைப் புரட்டினார்கள், மதினி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். நோட்டுப்படி செத்துப்போனவளே கதவைத் திறந்தாள். வந்தவன் சொல்லி முடிக்கும் முன்பே போர்த்திய போர்வையோடு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஜீப்பு உருண்டுருச்சாம் ஆத்தா. எனக்கு வந்தது ஒம் மகளுக்குப் போயிருச்சு."

ஆஸ்பத்திரியில் அக்கா முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சீட்டில் எழுதியிருந்தது மதினி பேர். அம்மா கேட்டது ஒன்றுதான்: என் மகளை என் மகள் பேரிலேயே கொடுங்கள். ஆபீஸ் நோட்டோடு அங்கே வந்திருந்த தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அதை மூடினார்.

"இந்த நம்பருக்கு இந்தப் பேருதான் இருக்கு. ஒம் மகளுக்கு நம்பரே இல்லையேம்மா. யாருன்னு எழுதட்டும்?"

பெற்றவள் முன்னால் நிற்கிறாள், யாரென்று எழுத என்று கேட்கிறார் அந்த மனுசன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் மதினியின் புருசன் வந்து, செத்தது தன் பெண்டாட்டிதான் என்று கையெழுத்துப் போட்டார். அழுதுகொண்டே போட்டார். மதினி வெளியே வேப்பமரத்தடியில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் அக்காவை வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

செத்தவள் என்று எழுதிவிட்டதால் மதினியை அதன்பிறகு ஜீப்பில் ஏற்றவில்லை. எங்கள் வீட்டிலும் உலை வைக்க ஒருத்தி வேலைக்குப் போயாக வேண்டும். நான் போனேன். கங்காணி என் முகத்தைப் பார்க்காமலே, "இது காலியாத்தான் கெடக்கு, கொண்டு போ" என்று ஒரு வில்லையை நீட்டினார். மதினி பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொண்டார்கள்.

அது அக்கா இடுப்பில் இருந்த வில்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.