ஸ்டாக் இல்லாத பல்பம்

நான்கு வருடங்களுக்கு முன், நாங்கள் பெங்களூரு காக்ஸ் டவுனில் வாடகைக்குக் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது ஆறாவது மாதம், தலைப் பிரசவம். பிரேசர் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, அழுகிற குழந்தைகளைச் சமாதானம் செய்வது. நாள் முழுக்கப் பல் டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவருக்கும் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். சிலேட்டுப் பல்பம் தின்றுகொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். பல் காட்ட வந்த ஒரு குழந்தை பல்பப் பாக்கெட்டை சோபாவில் விட்டுவிட்டுப் போய்விட்டது. எடுத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை. நாக்கில் தண்ணீர் ஊறிவிட்டது. ஒரு துண்டு கடித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். சாயங்காலம் கிளினிக் மூடுவதற்குள் பாக்கெட் காலி. மறுநாள் அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்து கேட்டபோது, இங்கே எதுவும் இல்லையே மேடம் என்று கூசாமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு, வீட்டுக்கும் கிளினிக்கும் நடுவில் இருந்த ஸ்டேஷனரி கடையில் வாங்க ஆரம்பித்தேன். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். அக்கா மகளுக்கு என்று சொல்லி வாங்குவேன். முதலில் வாரத்துக்கு ஒரு பாக்கெட், பிறகு இரண்டு. உண்மையில் எனக்கு அக்காவே கிடையாது.

வீட்டில் கணவர் ஆசை ஆசையாகக் கேட்பார், என்ன சாப்பிடத் தோணுது என்று. பல்பம் என்று எப்படிச் சொல்வது? மசக்கைக்காரி மாங்காய்தானே கேட்க வேண்டும், நானும் மாங்காய் என்று சொல்லிவைத்தேன். மனுஷர் அத்திபெலேயில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வேலை முடிந்து வரும்போது அங்கே மார்க்கெட்டில் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவருவார். ஃபிரிட்ஜில் மாங்காய் குவிந்து கிடக்கும். எனக்கோ அந்தப் புளிப்பைக் கண்டாலே பல் கூசும்.

இதில் விளையாட்டு இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. ஐந்தாம் மாதமே, பிரசவத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா சொல்லியிருந்தார், ரத்தம் குறைவாக இருக்கிறது, இப்படியே போனால் குழந்தை நாள் முந்திப் பிறந்துவிட வாய்ப்பு அதிகம் என்று. இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரும்பு மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டியது. நான்கு நாள் போட்டேன், பிறகு கைப்பைக்குள் ஒளித்துவைத்தேன். கால்சியத்துக்கு என்னிடம் தனிக் கணக்கு இருந்தது. பல்பமும் சுண்ணாம்புச் சத்துதானே, அதுவும் எலும்புக்கு நல்லதுதானே! பல் கிளினிக்கில் வேலை பார்க்கிற மேதாவி அல்லவா நான்.

ஆனாலும் பயம் இல்லாமல் இல்லை. டாக்டரம்மா சொன்ன பிரசவத் தேதியைக் கணவர் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்து, "அதுவரைக்கும் இருந்துடு கண்ணு" என்று கெஞ்சுவேன். கெஞ்சிவிட்டு, அதே கையால் கைப்பையைத் திறந்து பல்பம் எடுப்பேன். அப்போது என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கும்.

ஒருநாள் கடையில் பாய், "ஸ்டாக் இல்லைம்மா" என்றார். இரண்டு நாள் கழித்துப் போனேன், இல்லை. அடுத்த வாரமும் இல்லை. நான்காவது முறை போனது ஒரு சனிக்கிழமை மதியம். எனக்கு முன்னால் யூனிபார்ம் போட்ட ஒரு பள்ளிக்கூடச் சிறுமி நின்றிருந்தாள். பாய் மேசைக்குக் கீழே கையை விட்டு ஒரு பாக்கெட் பல்பம் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"என்ன பாய் இது? எனக்கு மட்டும் ஸ்டாக் இல்லையா? நான் என்ன சும்மாவா கேக்கறேன்?"

அவர் அந்தச் சிறுமியை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா பொண்ணுக்குன்னு சொன்னீங்களே, என்ன கிளாஸ்மா படிக்குது?"

"யூ.கே.ஜி." என்றேன் முறைப்பாக.

"வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் எழுதித் தீக்குதா? அப்படின்னா இந்நேரம் காலேஜ் முடிச்சிருக்கணுமேம்மா."

அவர் தன் உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டினார். என் உதட்டில் தொட்டுப் பார்த்தேன். விரலில் சாம்பல் நிறத் தூள். மிச்சம் பிடித்து வைத்திருந்த கடைசித் துண்டை வழியில்தான் முடித்திருந்தேன்.

அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அதற்குள் அவர் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. அந்த அம்மா வந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்தார். எதுவும் கேட்காமல் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வெளுத்துக் கெடக்கு. இதத் திங்கறது டாக்டருக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வீட்டுக்காரருக்கு?"

அதற்கும் இல்லை. அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் தின்னவதான். எனக்கு இந்தக் கடையிலேயே இருந்துச்சு, வெளியில போய்த் தேடக்கூட வேணாம். மொதல் குழந்தை ஏழாம் மாசத்துலயே வந்துடுச்சு. மூணு நாள்தான் இருந்துச்சு. இதாலதான்னு யாரும் சொல்லல. ஆனா ரத்தம் ரொம்பக் கம்மியானா இந்த மாதிரி ஆசை வரும்னு, அப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க. முன்னாடியே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, ரத்தத்தையாவது பாத்திருப்பாங்க இல்ல?"

பாய் அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த நோட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "நான்தான்மா தினம் எடுத்துக் குடுத்தேன். ஆசையா கேக்கறாளேன்னு. அதான் உங்களுக்கு விக்க மனசு வரல. நேரா சொல்லவும் கூச்சம். லேடீஸ் விஷயம், தப்பா எடுத்துக்கிட்டா என்ன பண்றதுன்னு ஸ்டாக் இல்லைன்னு சொல்லிட்டேன்."

அந்த அம்மா விடவில்லை. இங்கேயே உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் போடு என்றார். போட்டேன். சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால் வீட்டுக்கு வந்திருந்த கணவர், என்னமோ ஏதோ என்று பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன், மாத்திரை ஒளித்ததையும் சேர்த்து. திட்டுவார் என்று பயந்தேன். அவரோ, "அப்ப மாங்காய்?" என்றார்.

"எனக்கு மாங்காயே புடிக்காதுங்க."

பாய் வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போனோம். பல்பம் தின்றதற்கு அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நிறையப் பேருக்கு இப்படி வரும், வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை என்றார். மறைத்ததற்குத்தான் கோபம். "நீவு மொதலே ஹேளபேகித்து" என்று கன்னடத்தில் இரண்டு முறை சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அர்த்தம். உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழரைதான் இருந்தது. மாத்திரையை மட்டும் நம்பி உட்கார முடியாது என்று, ஒருநாள் விட்டு ஒருநாள் வரவழைத்து இரும்புச் சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பல்பம் எலும்புக்கு நல்லது என்ற என் கணக்கைச் சொன்னபோதுதான் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வயிற்றில் போகிற மண் இருக்கிற சத்தையும் உடம்பில் சேரவிடாமல் செய்யுமாம்.

ரத்தம் ஏற ஏற, அந்த ஆசை தானாகவே குறைந்தது. ஒருநாள் கைப்பையின் மூலையில் ஒரு பழைய துண்டு கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன். வெறும் கல். இதையா தின்றோம் என்று இருந்தது.

அந்த நாட்களில் பாய் கடையைத் தாண்டும்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது. எதிர்ப் பக்க நடைபாதையிலிருந்து எத்தனை வாரம் என்று விரல் விரித்துக் காட்டுவேன். முதலில் மூன்று விரல், பிறகு இரண்டு விரல் என்றால் முப்பத்திரண்டு. பாய் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி உருதுவில் ஏதோ கத்துவார், மனைவிக்குத் தகவல் போகிறது என்று அர்த்தம். முப்பத்தைந்தாவது வாரம் ஒருநாள் இடுப்பு வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரசவ வலி இல்லை, வெறும் சூட்டு வலி என்று ராத்திரியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நான் கடைப் பக்கம் போகாததால், எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்க்க வந்துவிட்டார் அந்த அம்மா.

முப்பத்தேழு தாண்டினால் குறைமாதம் என்ற பயம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது முடிந்து முப்பத்தெட்டு தொடங்கிய அன்று எதிர்ப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டி, பிறகு எட்டு விரல் காட்டினேன். இந்த முறை பாய் கத்தவில்லை. உள்ளே போனார். அந்த அம்மா வந்தார், வண்டிகளைக் கையாலேயே நிறுத்திக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் நிறைந்திருந்தது. அந்த மூன்று நாள் குழந்தையை அவர் அப்போது நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் நினைத்தேன்.

என் மகள் சிவப்பு வட்டம் போட்ட தேதிக்கு மூன்று நாள் கழித்து, சாவகாசமாகப் பிறந்தாள். அவ்வளவு கெஞ்சியதற்கு, கொஞ்சம் கூடவே இருந்துவிட்டு வந்தாள்.

இந்த ஜூனில் அவளை எல்.கே.ஜி. சேர்த்தோம். பள்ளியில் கொடுத்த லிஸ்ட்டில் சிலேட்டும் பல்பமும் இருந்தன. வேறு ஏரியாவுக்கு மாறிவிட்டோம் என்றாலும் பாய் கடைக்கே போனேன். சிலேட்டைத் துடைத்துக் கொடுத்தார். பல்பம் கேட்டேன். முகத்தை மாற்றாமல், "ஸ்டாக் இல்லைம்மா" என்றார்.

என் மகள் கண்ணாடி அலமாரியைக் காட்டி, "அதோ இருக்கே தாத்தா" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாக்கெட்டைப் பிரித்து, ஒரே ஒரு பல்பத்தை எடுத்து அவள் கையில் வைத்து, "எழுதறதுக்கு மட்டும்தான், அம்மாகிட்ட குடுக்கக் கூடாது" என்றார். அவள் ரொம்பப் பெரிய பொறுப்பு கிடைத்தது போல விரல்களை மூடிக்கொண்டாள். மீதிப் பாக்கெட்டை அவள் ஸ்கூல் பையில் அவரே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தவள் நான். கேட்டதை இல்லை என்று மூன்று முறை பொய் சொல்லித் திருப்பி அனுப்பிய ஒரு கடைக்காரரால்தான் என் மகளுக்கு முழுதாகப் பத்து மாதம் கிடைத்தது என்பதை, அவள் சிலேட்டில் கோணல்மாணலாக 'அ' எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.