செம்புக் கூஜா

கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தபோது, என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவள் ஜோசபின். பால்மரம் வெட்டுகிறவள். சொந்த மாமன் மகனையே கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, சின்ன வயதிலேயே அவனைப் பறிகொடுத்தவள். ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் தவறமாட்டாள். என் பேச்சை மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டாள்.

மகன் சிரிலுக்கு ஒன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்தது. செம்பில் வைத்த தண்ணீர் ஈரலுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, டவுனில் ஒரு செம்புக் கூஜா வாங்கினாள். தினமும் வேலைக்குப் போகுமுன் நிரப்பி வைப்பாள், சிரிலுக்கு மட்டும். எட்டு வயது இளைய தங்கை ஜெனவீவ் தொட்டால் கையில் அடி விழும். அந்த ஓரவஞ்சனையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தாறில், பத்தொன்பது வயதில், சிரிலுக்கு வெட்டுக்கத்தி பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. பேச்சும் குழறியது. குடிக்கிறான் என்றார் கங்காணி. நானும் அதை நம்பி, மருந்து கேட்டு வந்தவனை ஏசி அனுப்பினேன். அவன் ஒரு சொட்டுக் கள் தொட்டதில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் அவன் நடை தள்ளாடியபிறகுதான் நானே பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ஜோசபினும் வந்தாள். டாக்டர் துரைசிங்கம் அவன் கண்ணில் விளக்கடித்து, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தை எனக்குக் காட்டினார். நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறதாம். மற்றவர் உடம்பு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், இவன் உடம்புக்கு அது தெரியவில்லை. செம்பைப் பிடித்துச் சுமக்கிற புரதமும் இவன் ரத்தத்தில் மிகக் குறைவு. கட்டுப்படாத செம்பு ஈரலில் தேங்கி, மூளைக்கு ஏறி, துரு இரும்பைத் தின்பதுபோல் உள்ளேயே தின்கிறது. பெற்றவர்கள் சொந்தத்தில் கட்டினவர்களா என்று கேட்டுக்கொண்டார். இது பெற்றவர்கள் வழியாக வருவது, தங்கைக்கும் இருக்கலாம், உடனே கூட்டி வாருங்கள், முன்கூட்டியே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே காப்பாற்றலாம் என்றார்.

ஜோசபின் காதில் விழுந்தது செம்பு என்பது மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் கூஜாவைக் கல்லில் போட்டு நசுக்கி ஆற்றில் எறிந்தாள். பெற்ற பிள்ளைக்குத் தானே விஷம் வைத்துவிட்டதாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். கூஜா இல்லாவிட்டாலும் இது வந்திருக்கும் என்றேன். அவள் மண்டையில் ஏறவில்லை. சிரிலுக்கு மாத்திரை தாமதமாகிப்போயிருந்தது. எழுபத்தொன்பது தவக்காலத்தில் அவனை அடக்கம் செய்தோம்.

ஜெனவீவைப் பினாங்குக்குக் கூட்டிப் போகலாம் என்று ஜோசபினிடம் மூன்று தடவை கேட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு இல்லாத நோயைக் கட்டிவிடாதீர்கள் என்று மூன்று தடவையும் சண்டைக்கு வந்தாள். நான்காவது தடவை நான் கேட்கவில்லை. கோபத்தில், எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கோபத்துக்கு நான்தான் பொறுப்பு.

எண்பத்திரண்டில் ஒரு காலை, ஜோசபினே மகளை மருந்துக்கொட்டகைக்கு அழைத்து வந்தாள். எழுத்து கோணுகிறது என்று பள்ளிக்கூடத்தில் திட்டுகிறார்களாம், கைக்குத் தைலம் வேண்டுமாம். நான் டார்ச்சை எடுத்து அந்தப் பெண்ணின் கண்ணில் அடித்தேன். இரண்டு கண்ணிலும் வளையம் இருந்தது.

என் முகத்தைப் பார்த்தே ஜோசபினுக்குப் புரிந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"இவ அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சதில்லயே டிரெசரையா. நான் குடுக்கவே இல்லயே."