பணி என்று சொன்ன வாய்

செந்தமிழன் போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். மதுரைக்காரர், பேருக்கேற்ற தமிழ்ப் பித்து. முதன்முதலில் கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது, ‘வேலை’ என்ற சொல் அவருக்கு மட்டமாகப் பட்டது. தெருத் தெருவாக மைக் பிடித்து, “பணி, பணி, உங்களுக்குப் பணி செய்யவே வருகிறேன்” என்று முழங்கினார். தமிழ் தெரியாத வங்காளிகளின் காதில் அது ‘பானி’ என்று, இந்தித் தண்ணீராக விழுந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர். ஓட்டுகளை அள்ளிக் கொட்டினார்கள்.

அதோடு தொலைந்தது நிம்மதி. ஐந்து வருஷமும் விடிந்தால் வாசலில் குடங்கள்.

“கவுன்சிலர் சாப், பானி போலா தா. பானி கிதர்?” தண்ணீர் என்றீர்களே, எங்கே தண்ணீர் என்று கேட்டு நிற்பார்கள்.

பணி வேறு, பானி வேறு என்று அவர் விளக்க விளக்க, ஆள் பேச்சு மாறுகிறார் என்று ஊரெல்லாம் புகைச்சல்.

“வேலைன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல,” என்றாள் மனைவி உமா மகேஸ்வரி.

அடுத்த தேர்தலில் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே சொன்னார். ஜெயித்த மறுநாள் வாசலில் ஒரு குடம்கூட இல்லை. பிள்ளைகளின் சர்டிபிகேட்டோடு தமிழ்க் குடும்பங்கள் வரிசையில் நின்றிருந்தன.

“வேலைன்னு சொன்னீங்களேண்ணே,” என்றார் முதல் ஆள். “கவர்மெண்ட் வேலைதானே?”