சாய்த்துவிடச் சொன்ன சணப்பு

ஊரில் அவருக்குப் புழுதி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார். டிராக்டர் வைத்து ஊரார் நிலங்களை உழுது பிழைக்கிறவர். காலையில் மனித நிறத்தில் கிளம்பிப் போவார், சாயங்காலம் மண் நிறத்தில் திரும்பி வருவார். அவர் மனைவி வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் வைத்துவிட்டு, முகம் அடையாளம் தெரிகிற வரைக்கும் கழுவிய பிறகுதான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டிருந்தார்.

உழவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கயிறு கட்டி இழுத்தது போல நேராகச் சால் ஓட்டுவார். மழை நெருங்குகிற மாதங்களில் அவர் வீட்டு வாசலில் ஆள் மாற்றி ஆள் நிற்பார்கள். யார் நிலம் முதலில் என்று சண்டைகூட வரும். இதெல்லாம் மனிதனைக் கெடுக்கிற சங்கதிகள். ஒருவரை வருஷக்கணக்காக எல்லோரும் தேடிக்கொண்டே இருந்தால், தான் போய் உழாவிட்டால் மண்ணுக்கு முளைக்கவே தெரியாது என்று அவர் நம்ப ஆரம்பித்துவிடுவார். புழுதி அப்படித்தான் நம்பினார்.

அவருடைய அக்காவும் அத்தானும் வாய்க்காலை ஒட்டிய சரிவு நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்கள். அந்த நிலத்தை ஆரம்பத்திலிருந்து உழுததும் புழுதிதான். சில வருஷங்களுக்கு முன்னால் அக்கா ஏதோ விவசாயிகள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இந்த வருஷம் உழவு வேண்டாம் தம்பி என்றார். வேறு டிராக்டர்காரர் யாரையோ பிடித்துவிட்டார்கள் போல என்று புழுதிக்கு முதலில் சந்தேகம். அப்படி இல்லை. உழவே இல்லை.

அக்கா பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து வாய்க்காலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் அறுவடை முடிந்ததும் நிலத்தை வெறுமனே விடக்கூடாது, பசுந்தாள் உரச்செடியான சணப்பும் அதோடு காராமணியும் கலந்து தூவ வேண்டும். சணப்பு பூவெடுக்கிற பக்குவத்தில் இரும்பு உருளையை இழுத்து அப்படியே சாய்த்துவிட வேண்டும். தண்டு நசுங்கிப் படுத்துக் காய்ந்து, நிலத்துக்குப் போர்வையாகிவிடும். அந்தப் போர்வைக்குள் கூர்குச்சியால் குத்திக் குத்தி மக்காச்சோளம் ஊன்றினால் போதும். மண்ணைக் கிளறுகிற வேலையை வேரும் புழுவும் பார்த்துக்கொள்ளும். அப்படியானால் எனக்கு என்ன வேலை என்று புழுதி கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கே வாய்விட்டுக் கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு விளைச்சலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊர் சிரித்தது, ஊரோடு சேர்ந்து தம்பியும் கொஞ்சம் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு பெருமழையில் எல்லார் நிலத்திலிருந்தும் செம்மண் குழம்பாக ஓடியபோது, அக்கா நிலத்திலிருந்து வடிந்த தண்ணீர் மட்டும் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது. ஊர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது.

புழுதி ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த நிலத்தில் இறங்கினார். காய்ந்த போர்வையை விலக்கிவிட்டு விரல்களை மண்ணில் விட்டார். தடங்கல் இல்லாமல் மணிக்கட்டு வரை உள்ளே போனது. அந்த நிலம் எங்கே பாறை மாதிரி இறுகியிருக்கும், எங்கே கலப்பை துள்ளும் என்று அவருக்கு மனப்பாடம். துள்ளுகிற இடமாகப் பார்த்துத்தான் கையை விட்டிருந்தார். ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் பொலபொலவென்று உதிர்கிறது, உள்ளே வெள்ளை வேர், இரண்டு மண்புழு. முகர்ந்தும் பார்த்தார். தன் வாழ்நாளில் அவர் உழுத எந்த நிலத்திலும் அந்த வாசனை வந்ததில்லை. கூடப்பிறந்தவளின் நிலம் தேறிவிட்டதே என்று உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, யாரோ தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது போல வயிறு எரிந்தது. மண்ணைப் பழையபடி மூடி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். பார்த்ததை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அதற்கடுத்த பருவத்தில் அத்தானுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு கண்காணிப்பு என்று வாரக்கணக்கில் இழுத்தது. அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது அக்கா தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சணப்பு பூவெடுத்துக்கொண்டிருக்கிறது, மழைக்கு முன்னால் உருளையை இழுத்து அதைச் சாய்த்துவிட்டால் போதும், மற்றதை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அத்தான் படுக்கையில் இருந்தபடியே, தம்பி பார்த்துக்கொள்வார், நீ கவலைப்படாதே என்றார்.

அந்த உருளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய இரும்புப் பீப்பாய். சுற்றிலும் பட்டை வைத்துப் பற்றவைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கும். அக்காவும் அத்தானும் ஆளுக்கொரு பக்கமாக இழுப்பார்கள். புழுதி தனி ஆளாகப் போனதால் தண்ணீரில் பாதியை வடித்துவிட்டு, இரண்டு கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு இழுக்க ஆரம்பித்தார். ஒரு வரிசை ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது வரிசை பாதையோரமாக வந்தபோது விதைக்கடைக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கால் ஊன்றி, நிதானமாகப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவரும் பார்த்தார்.

"என்ன புழுதியண்ணே, டிராக்டரை வித்துட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். பின்னால் இருந்தவர் சிரித்தார், வண்டி போய்விட்டது. விதைக்கடைக்காரர் அதைச் சொன்னதையே அடுத்த தெருவுக்குள் மறந்திருப்பார். புழுதிக்குத்தான் காது மடல் வரைக்கும் சுட்டது. கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார், டிராக்டரில் மண்ணைப் பொடியாக்குகிற ரோட்டவேட்டரை மாட்டினார், நேராக அக்கா நிலத்துக்கு வந்து இறக்கினார். கோபத்தில் மூளை மழுங்கியிருந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். பூவும் தண்டும் வேரும் சுக்குநூறாகிக்கொண்டு வந்தன. சால் நேராக இருக்கிறதா என்று வேறு திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பாதி நிலம் முடிந்தபோது கொக்குகள் வந்தன. உழுகிற டிராக்டருக்குப் பின்னால் நான்கைந்து கொக்கு வருவது வழக்கம்தான். அன்றைக்கு நிலமே வெள்ளையாகிற அளவுக்கு வந்து இறங்கின. ஏன் இத்தனை என்று பார்த்தார். வெட்டுப்பட்ட மண்புழுக்கள் சால் முழுக்க நெளிந்துகொண்டிருந்தன. கொக்குகளுக்கு எதைக் கொத்துவது, எதை விடுவது என்று தெரியவில்லை. புழுதி இன்ஜினை அணைத்தார். மீதிப் பாதி அப்படியே நின்றது.

மழை மறுநாளே பிடித்துக்கொண்டது. மாவாக அரைத்து வைத்த மண், சரிவு நிலம், பக்கத்திலேயே வாய்க்கால். பொழுது விடிந்து போய்ப் பார்த்தபோது உழுத பாதியில் விரல் போகிற அளவுக்குக் கோடு கோடாக அரித்திருந்தது. வருஷக்கணக்காகச் சேர்ந்த மேல்மண் வாய்க்காலில் சேறாக இறங்கிக் கிடந்தது.

அக்காவுக்கு அவரே போன் செய்தார். அந்த அளவுக்கு யோக்கியர்தான். ஆனால் தொடர்பு கிடைத்ததும் வாயில் வேறு வார்த்தை வந்தது. பூவெடுத்ததும் உழுது போட வேண்டும் என்றுதான் புரிந்துகொண்டேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். அதற்கு அக்கா, பரவாயில்லை தம்பி, அவசரத்தில் நான்தான் சரியாகச் சொல்லவில்லை, இவர் இருந்த நிலைமையில் எனக்கும் தலைகால் புரியவில்லை என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு தூங்கியிருப்பார். அக்கா சமாதானம் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு புழுதி ரொம்ப நல்லவராகிவிட்டார். அக்கா வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தார், மாடுகளைத் தன் வீட்டுக்கு ஓட்டிவந்து பார்த்துக்கொண்டார், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி பஸ் ஏறிப் பழங்களோடு போனார். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று அத்தான் நர்ஸிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். புழுதியின் மனைவியும் நாத்தனாரிடம் பேசும்போதெல்லாம், பாவம் அவருக்குத் தெரியாமல் போச்சு என்று பரிந்து பேசினார். ஒவ்வொரு தடவையும் புழுதி, தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறப்பார், தண்ணீர் கேட்டுவிட்டு மூடிக்கொள்வார்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு அக்கா ஊர் திரும்பினார். பாரமான எதையும் இனி இழுக்கக்கூடாது, தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அக்கா தனியாக நிலத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார். அன்று சாயங்காலம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். நிற்கிற பாதியில் சணப்பு முற்றி விதை கட்டிவிட்டது, உருளை இழுக்கவும் இனி ஆள் இல்லை, டிராக்டரை எடுத்துக்கொண்டு வா, அதையும் உழுதுவிடலாம் என்றார்.

ஒரு காலத்தில் இதைக் கேட்பதற்குப் புழுதி எவ்வளவு ஏங்கியிருப்பார். டிராக்டரைக் கொண்டுவந்து வரப்போரம் நிறுத்தினார். ரோட்டவேட்டரை இறக்கக் கை வரவில்லை. உழாமல் விட்ட பாதியில் மண் அசையாமல் கிடந்தது. இன்றைக்கு உழுதால் அதுவும் போய்விடும். தம்பி சொன்ன பொய்யை நம்பித்தான், எல்லாம் தன் கவனக்குறைவு என்று நினைத்துத்தான், அக்கா இத்தனை வருஷ உழைப்பைக் கைவிடுகிறார். இறங்கி, வரப்பில் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்.

"அக்கா, நான் தெரியாம உழலை. தெரிஞ்சுதான் உழுதேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். புழுதி எதையும் மிச்சம் வைக்கவில்லை. கயிறு இழுத்ததையும், பாதையில் கேட்ட கேலியையும், அந்த மத்தியானம் யாருக்கும் தெரியாமல் வந்து மண்ணை முகர்ந்ததையும், வயிறு எரிந்ததையும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. கடைசியில் அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"மண்ணை எடுத்துப் பார்த்தியே, அது உழறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

அக்கா எழுந்துகொண்டார். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். டிராக்டரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. வழிப்போக்கரிடம் பேசுவது போல இருந்தது.

மறுநாள் அக்கா அரிவாளோடு நிலத்தில் இறங்கி, நிற்கிற சணப்பை அடியோடு அறுத்து அந்தந்த இடத்திலேயே படுக்கப் போட்டுக்கொண்டு வந்தார். உருளை இழுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன, கைதான் இருக்கிறதே என்று முடிவு செய்துவிட்டார். புழுதியும் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு போய் மறு ஓரத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தார். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இப்படியே சில நாட்கள் போயின. அறுத்து முடித்த பிறகு, அரித்துக் கிடந்த பாதியில் அக்கா காராமணியைத் தூவினார். புழுதி பின்னாலேயே குனிந்து விதைகளின் மேல் சருகை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். பாதையில் விதைக்கடைக்காரரின் வண்டி போன சத்தம் கேட்டது. புழுதி தலை தூக்கவில்லை.

வேலை முடிந்து கிளம்பும்போது, அத்தானிடமும் தானே வந்து சொல்லிவிடுவதாகப் புழுதி சொன்னார். சொல்லிவிட்டால் பாரம் முழுக்க இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அக்கா விதைக்கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். அத்தனை நாளுக்கும் சேர்த்து அப்போதுதான் பேசினார்.

"அவர்கிட்ட சொல்லாத. ஆஸ்பத்திரியில இருந்த நாள் முழுக்க, நிலத்தை நீ பார்த்துக்கறதா நினைச்சுத்தான் அவர் தூங்கினாரு."